வரையும் கைக்கு எந்த வழி? காளஹஸ்திப் பட்டறை, திருப்பதி சிற்பக் கல்லூரி, சென்னை, ஸ்ரீசிட்டி: ஓர் ஒப்பீடு

ஆந்திர எல்லையில் சத்தியவேடு, நாகலாபுரம், பிச்சாட்டூர், தடா பக்கத்துத் தமிழ் வீடுகளில் பத்தாவதோ இன்டரோ (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்த பிள்ளைக்கு நல்ல வரையும் கை இருந்தால், தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே பேச்சு தொடங்கிவிடும். "கை நல்லா வருது, அதை விட்டுடக் கூடாது" என்பார் தாத்தா. "கையை வெச்சு என்ன பண்றது, ஸ்ரீசிட்டியில ஆள் எடுக்குறாங்க" என்பார் மாமா. இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டு பேருமே "வரைவது" என்று ஒரே சொல்லில் பேசுவதால், முடிவு பெரும்பாலும் தவறான இடத்தில் எடுக்கப்படுகிறது.

இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு எட்டக்கூடிய வழிகள் நான்கு. ஸ்ரீகாளஹஸ்தியில் ஒரு கலம்காரிப் பட்டறையில், அதாவது துணியில் இயற்கைச் சாயத்தால் வரையும் இடத்தில், சேரலாம். திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் பாரம்பரியச் சிற்பக் கல்லூரிக்குப் போகலாம். சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் முயலலாம். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டு மிச்ச நேரத்தில் வரையலாம். இவற்றை எடைபோடச் சம்பளம், சான்றிதழ், மரியாதை எல்லாம் வேண்டும். அவற்றுக்கும் முன்னால் ஒன்றைக் கேட்க வேண்டும்: இந்தப் பிள்ளைக்கு இயல்பாக வந்திருக்கும் அந்தக் குறிப்பிட்ட திறமை, இந்த வழியில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உழைக்கும், அதை யார் பார்த்துத் திருத்துவார்? மனநிறைவு என்பது துறையின் பெயரிலிருந்து வருவதில்லை. கலைத் துறையிலேயே இருந்துகொண்டு, தன் கைக்கு வந்ததைச் செய்யவே வாய்ப்பில்லாமல் சோர்ந்துபோனவர்கள் நிறைய உண்டு.

முதலில், எது வருகிறது?

பள்ளியில் பாராட்டு வாங்குவது பெரும்பாலும் செல்போன் படத்தைப் பார்த்துப் பென்சிலால் நிழல் கொடுத்து வரையும் முகங்கள்தான். பொறுமை இருந்தால் அதைப் பலரும் கற்றுக்கொள்ளலாம். அதை வைத்து மட்டும் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒரு மாதம் எடுத்துக்கொண்டு ஐந்து விஷயங்களைத் தனித்தனியாகப் பாருங்கள்.

கோடு. பழைய செய்தித்தாளில் பிரஷ்ஷாலோ தடித்த மைப் பேனாவாலோ ஒரு சாண் அகல வட்டம், ஒரு முழ நீள வளைவு, இரண்டையும் கை எடுக்காமல், அழிக்காமல் இருபது முறை போடுங்கள். வட்டம் சரியாக வந்ததா என்பதை விட, கோட்டின் தடிமன் நடுவில் திக்கித் திணறாமல் ஓடுகிறதா என்பதே கவனிக்க வேண்டியது.

அளவு. ஊர்க் கோயில் தூணில் நிற்கும் ஒரு உருவத்தைப் பார்த்து வரையுங்கள். முகத்தின் நீளத்தை ஓர் அளவாக வைத்து உடல் அதைப்போல் எத்தனை மடங்கு என்று எண்ணுவதைச் சிற்பிகள் தாளம் என்பார்கள். நீங்கள் எண்ணாமலேயே வரைந்த உருவத்தை அதன் பிறகு எண்ணிப் பாருங்கள். கண்ணளவிலேயே அது சரியாக விழுந்திருந்தால், அது கோட்டைவிட வேறான திறமை.

நினைவு. அதே தூணை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வந்து, மறுநாள் பார்க்காமல் வரைய வேண்டும். நிறம்: ஒரு காய்ந்த மாவிலையின் நிறத்தை மூன்று வண்ணங்களை மட்டும் கலந்து கொண்டுவர வேண்டும். உருவம்: குளத்து மண்ணில் பிள்ளையார் பிடித்து, நான்கு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். முன்பக்கம் மட்டும் அழகாக இருந்து பக்கவாட்டில் தட்டையாக இருந்தால் அந்தக் கண் தாளுக்கானது. நான்கு பக்கமும் நின்றால் கல்லுக்கும் சுதைக்கும் (சுண்ணாம்புச் சாந்து) ஆனது.

இவற்றோடு ஒரு சலிப்புத் தேர்வும் வைக்க வேண்டும். ஒரே கொடிப் பூவை ஒரு ஓரம் முழுக்க நூறு முறை வரையச் சொல்லுங்கள். முப்பதாவது பூவில் பெரும்பாலோருக்குக் கை அவசரப்படும். எழுபதாவது பூவில் தன் தவறைத் தானே கண்டு, யாரும் சொல்லாமல் இதழின் சாய்வை மாற்றுகிற பிள்ளை ஒன்று இருக்கும். திறமைக்கு இதைவிட நம்பகமான அடையாளத்தை நாங்கள் கண்டதில்லை. முதல் நாளே அழகாக வரைவது அதற்கு அடுத்ததுதான். சலிப்பு வந்தால் திறமை இல்லை என்று அர்த்தமில்லை. நினைவிலிருந்து புதிது புதிதாக வரையும் பிள்ளைக்கு நூறு பூ நரகமாக இருக்கும். அந்தப் பிள்ளைக்குப் பட்டறை சரிப்படாது, அவ்வளவுதான்.

காளஹஸ்திப் பட்டறை

கலம்காரி என்ற பெயரில் விற்பவை இரண்டு வகை. மசூலிப்பட்டினத்துப் பக்கம் மரக்கட்டை அச்சால் செய்வது. காளஹஸ்தியில் கலம் என்ற மூங்கில் பேனாவால் கையாலேயே வரைவது. இரண்டாவது கோயில் திரைச்சீலைகளில் வளர்ந்தது. ராமாயண, மகாபாரதக் கதைகளைக் கட்டம் கட்டமாகச் சொல்வது அதன் பழக்கம். புவிசார் குறியீடும் பெற்றது. அங்கிருந்து வந்த ஜொன்னலகட்டா குர்ரப்பா செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

அங்கே எந்தத் திறமைக்கு வேலை இருக்கிறது என்று தெரிய, துணி போகும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். கஞ்சி போக அலசிய காடாத் துணியைக் கடுக்காய் கலந்த எருமைப்பாலில் நனைத்து, பிழிந்து, வெயிலில் காயவைப்பார்கள். வீட்டில் முயன்று பார்க்க ஒரு மீட்டர் துணி, 50 கிராம் கடுக்காய்த் தூள், அரை லிட்டர் பால், அரை லிட்டர் தண்ணீர் போதும். பட்டறைக்குப் பட்டறை அளவு மாறும். பாலின் கொழுப்புதான் மை பரவாமல் நிறுத்துகிறது. பால் குறைந்தால் கோடு கசிந்து விரியும்.

கருப்பு மைக்குக் கசிமி என்று பெயர். துருப்பிடித்த இரும்புத் துண்டு, வெல்லம், தண்ணீர் மூன்றையும் மண்பானையில் மூடி, இரண்டு மூன்று வாரம் புளிக்கவிடுவது. முயற்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் இரும்பு, 100 கிராம் வெல்லம் போடலாம். சீக்கிரம் எடுத்தால் கோடு சாம்பலாக நிற்கும். மிகவும் புளித்து அமிலம் ஏறினால் கோடு போன இடத்தில் சில ஆண்டுகளில் துணியே இற்றுப்போகும்.

புளியங்குச்சிக் கரியால் முதலில் மேலோட்டமாக வரைவார்கள். கரியைத் தட்டிவிடலாம். அதன் மேல் கலத்தால் கசிமி ஓட்டுவதுதான் உண்மையான வேலை. கலம் என்பது கூராகச் சீவிய மூங்கில், நுனிக்குச் சற்று மேலே துணியோ கம்பளியோ சுற்றி நூலால் இறுக்கியது. அந்தச் சுற்று மையைக் குடித்து வைத்துக்கொள்ளும். விரலால் அழுத்துகிற அளவுக்கு மை இறங்கும். கசிமி துணியில் பட்டதும் மங்கலாக இருந்து, கடுக்காயோடு சேர்ந்து கண்ணெதிரே கருக்கும். அதன் பிறகு அழிப்பதற்கு வழியே இல்லை. கைக்குக் கோடு வந்தவர்களுக்கு இதில் கிடைக்கும் ஆனந்தம் வேறு. வராதவர்களுக்கு ஒவ்வொரு கோடும் பயம்.

பிறகு சிவப்பு வரவேண்டிய இடங்களில் படிகாரக் கரைசல் பூசி, ஒரு நாளாவது ஆறவிட்டு, ஓடும் நீரில் அலசி, மஞ்சிட்டி வேரோ சாயவேரோ போட்டுக் கொதிக்கவைப்பார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். மிச்சப் படிகாரத்தைச் சரியாக அலசாவிட்டால் வெள்ளைத் தரையெல்லாம் சிவப்பு ஏறிவிடும். தரையை வெளுக்க ஆட்டுப் புழுக்கை கரைத்த நீரில் ஊறப்போட்டு, வெயிலில் விரித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்துக் காயவைப்பார்கள். மறுபடியும் பால். கடுக்காய்ப் பூவும் படிகாரமும் சேர்த்து மஞ்சள், அவுரியில் நீலம், நீலத்தின் மேல் மஞ்சள் போட்டால் பச்சை.

இத்தனை வேலையில் கோடு போடுவது ஒரு பகுதிதான். பட்டறையில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தால், கசிமி ஓட்டுபவர்கள் இரண்டு மூன்று பேராக இருக்கலாம். முகமும் கண்ணும் ஆசாரியார் கைக்கே விடப்படும். மற்றவர்கள் வண்ணம் நிரப்புவார்கள், படிகாரம் பூசுவார்கள், அலசுவார்கள். புதிதாக வந்தவரை ஓராண்டு வண்ணத்தில் உட்கார வைப்பது தவறில்லை. துணியின் குணம் அப்போதுதான் தெரியும். ஐந்தாண்டு ஆனாலும் அங்கேயே வைத்திருப்பதுதான் ஆபத்து. வேகமாக நிரப்பும் ஆளை முதலாளி அங்கிருந்து எழுப்ப மாட்டார். பிள்ளையும் கலை செய்கிறோம் என்று நம்பிக்கொண்டிருக்கும், அதன் கோடு செத்துக்கொண்டிருக்கும்.

அதனால் சேர்வதற்கு முன் ஒரு பட்டறைக்கு மூன்று முறை, மூன்று வேறு நேரங்களில் போய்ப் பாருங்கள். கலம் பிடிப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் இங்கேயே வந்து கற்றவர் எத்தனை பேர், சேர்ந்து எத்தனை மாதத்தில் கலம் கொடுத்தார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள், முதலாளியிடம் அல்ல. சம்பளம் மாதக் கணக்கா, உருப்படிக் கணக்கா? உருப்படிக் கணக்கில் கற்றுக்கொள்ளும் காலத்தில் கை அவசரப்படப் பழகிவிடும். முதல் ஆண்டுக்குக் குறைவாக இருந்தாலும் மாதச் சம்பளமே நல்லது. மாலையில் வேலை முடிந்ததும் வீணான துணியில் அரை மணி கலம் ஓட்ட விடுவார்களா என்பதையும் கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலிலேயே அந்தப் பட்டறையின் மனம் தெரிந்துவிடும்.

வருமானம் சீராக இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி காயாது, அலசிய துணியில் பூஞ்சை பிடிக்கும், வேலை குறையும். கடுங்கோடையில் சுவர்ணமுகியில் ஓடும் நீர் இருக்காது. சந்தையில் திரை அச்சும் டிஜிட்டல் அச்சும் கலம்காரி என்ற பெயரிலேயே குறைந்த விலைக்கு விற்கின்றன. துப்பட்டா, சேலை ஓரம் போன்ற சிறு உருப்படிகளின் விலையை அடிப்பது இதுதான். பெரிய கதைத் திரைகளை அச்சு அவ்வளவாகத் தொட முடிவதில்லை. அதை வரையும் கை சிலருக்கே உண்டு.

திருப்பதி சிற்பக் கல்லூரி

தேவஸ்தானத்தின் கல்லூரியில் பத்தாவது முடித்தவர்கள் சேரும் நான்காண்டு டிப்ளமா உண்டு. கோயில் கட்டடம், கற்சிற்பம், சுதைச் சிற்பம், உலோகச் சிற்பம், மரச் சிற்பம், பாரம்பரிய ஓவியம் என்று தனித்தனிப் பிரிவுகள். கலம்காரிக்கு இரண்டாண்டுச் சான்றிதழ்ப் படிப்பும் இருக்கிறது. பட்டறையில் கிடைக்காதது இங்கே கிடைக்கும்: தாளக் கணக்கு, சில்ப சாத்திரச் சுலோகங்கள், ஒரு தெய்வத்தின் கைகளும் ஆயுதங்களும் எப்படி நிற்க வேண்டும் என்ற விதி. பட்டறைக்காரர் "இப்படித்தான்" என்பார், கல்லூரி ஏன் என்றும் சொல்லும்.

மண் பிள்ளையார் நான்கு பக்கமும் நின்ற பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி இந்தப் பகுதியில் இல்லை என்பதே எங்கள் கருத்து. குறிப்பாகச் சுதை. கோபுரத் திருப்பணி ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் நிற்காமல் நடக்கிறது, கும்பாபிஷேகத்துக்கு முன் சுதை செப்பனிடும் வேலை ஊர் ஊராக வரும். கல்லைவிடச் சுதையில் தவறைத் திருத்த இடம் உண்டு. ஆனால் சாரத்தில் ஏறி வெயிலில் நிற்கும் உடம்பு வேண்டும், மாதக்கணக்கில் வீட்டை விட்டு வெளியூரில் தங்க வேண்டும். கல் பிரிவில் இன்னொரு கவலை தூசி. கருங்கல் தூசி நுரையீரலைக் கெடுக்கும். முகத்தில் துண்டு கட்டினால் போதாது, நல்ல முகக்கவசமும் தண்ணீர் தெளித்துச் செதுக்கும் பழக்கமும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

பாடம் தெலுங்கில். வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் பேசும் நம் பிள்ளைகளுக்குக் காதில் சிரமமில்லை. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு எழுதப் படிப்பதில்தான் இடறும். கோடை விடுமுறையில் தினம் ஒரு மணி நேரம் தெலுங்கு எழுத்து பழகிவிட்டால் முதல் ஆண்டு எளிதாகும். விண்ணப்ப அறிவிப்பு பத்தாவது முடிவுகளை ஒட்டி வரும். இடங்கள் குறைவு, ஒரு வாரம் அசந்தால் ஒரு வருடம் போய்விடும்.

அரசு உதவியிலும் ஒரு வேறுபாடு உண்டு. கைவினைஞர்களுக்கான மத்திய அரசின் பி.எம். விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் சிற்பி, கல் செதுக்குபவர் இருக்கிறார்கள். கலம்காரி அந்தப் பட்டியலில் இல்லை. தகுதி உள்ளவருக்கு 18 வயதுக்கு மேல் பயிற்சியும், கருவிக்கு 15,000 ரூபாயும், 5 சதவீத வட்டியில் முதலில் 1 லட்சம், அதை அடைத்த பின் 2 லட்சம் வரை கடனும் கிடைக்கும். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். கலம்காரிக்காரர்களுக்கு உதவுவது மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைஞர் அடையாள அட்டை. அரசுக் கண்காட்சிகளில் கடை போட அது வேண்டும். பட்டறையில் கூலிக்கு இருந்தாலும் உங்கள் பெயரில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை

1850இல் தொடங்கிய கல்லூரி. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு நான்காண்டு பட்டம். நினைவிலிருந்து வரையும் பிள்ளைக்கும், நிறத்தில் கண் உள்ள பிள்ளைக்கும், நூறு பூவில் நொந்துபோன பிள்ளைக்கும் பொருந்தும். விளம்பரம், அனிமேஷன், பள்ளி ஆசிரியர் வேலை என்று வாசல்கள் அகலம். தடை காகிதத்தில்தான். தமிழ்நாட்டு எல்லை ஊரான ஊத்துக்கோட்டைக்கு இந்தப் பக்கம் குடியிருப்பவர் ஆந்திரக்காரர் என்பதால், தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் இடம் கேட்கும்போது இருப்பிடச் சான்றும் சாதிச் சான்றும் வேறு மாதிரி எடுத்துக்கொள்ளப்படும். நுழைவுத் தேர்வுக்குப் பழகத் தொடங்கும் முன்பே கல்லூரி அலுவலகத்தில் இதை நேரில் கேட்டுவிடுங்கள்.

ஸ்ரீசிட்டி வேலையும் மிச்ச நேரமும்

இந்த வழியைத் தாழ்வாகப் பேசுவது நியாயமில்லை. தங்கை கல்யாணக் கடனோ அப்பாவின் மருந்தோ இருக்கும் வீட்டில், மாதம் பிறந்தால் கணக்கில் விழும் சம்பளம் திறமையைக் கொல்வதில்லை, காப்பாற்றவும் செய்யும். பணத்துக்காக வரைய வேண்டிய கட்டாயம் இல்லாததால் கை தன் விருப்பப்படி வளரலாம்.

கணக்கைப் பாருங்கள். மூன்று ஷிப்ட் மாறும் இடத்தில் இரவு ஷிப்ட் வாரத்தில் வரைய முயல வேண்டாம், தூக்கம் கெட்ட கை நடுங்கும். மற்ற இரண்டு வாரங்களில் நாளுக்கு ஒன்றரை மணி, வாரம் 6 நாள் என்றால் மூன்று வாரத்துக்கு 18 மணி, ஆண்டுக்குச் சுமார் 300 மணி. பட்டறையிலோ நாளுக்கு 8 மணி, வாரம் 6 நாள், ஆண்டுக்கு 50 வாரம் வைத்தால் 2,400 மணி. எட்டு மடங்கு. ஆனால் அந்த 2,400 மணியும் வண்ணம் நிரப்புவதிலேயே போனால், கோட்டுத் திறமை உள்ள பிள்ளைக்குக் கிடைத்தது பூஜ்யம். 300 மணியும் கோட்டுக்கே செலவிட்ட தொழிற்சாலைப் பிள்ளை அதைத் தாண்டிப் போய்விடும். நாளில் ஒரு மணி மட்டும் கலம் கொடுக்கும் பட்டறை, 300 மணிக்குச் சமம். இரண்டு மணி கொடுத்தால் தொழிற்சாலை வழி தோற்றுவிடும், ஏனென்றால் அங்கே பக்கத்தில் திருத்த ஒருவர் இருக்கிறார்.

அந்தத் திருத்தும் ஆள்தான் ஸ்ரீசிட்டி வழியின் ஓட்டை. மாதம் ஒரு ஞாயிறு காளஹஸ்திக்கோ திருப்பதிக்கோ பஸ் ஏறி, அந்த மாதம் வரைந்ததில் பத்தை மட்டும் ஒரு தேர்ந்த கைக்காரரிடம் காட்டுங்கள். "நல்லா இருக்கா" என்று கேட்க வேண்டாம். "இதில் எது முதலில் கெட்டது" என்று கேளுங்கள். சும்மா போகாமல் ஒரு கிலோ கடுக்காயோ காடாத் துணியோ வாங்கிக்கொண்டு போனால் அடுத்த முறையும் உட்கார வைப்பார். திருத்தம் இல்லாத ஆண்டுகள் தவறையே பழக்கமாக்கிவிடும், பிறகு அதை எடுப்பது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

வேலைக்குச் சேரும்போது, நிறுவனத்தின் நேரடி ஆளா ஒப்பந்தக்காரர் ஆளா என்று கேளுங்கள். ஒப்பந்த ஆளுக்கு வேலை திடீரென்று நிற்கலாம். கூடுதல் நேரம் கட்டாயமா என்றும் கேளுங்கள். ஓவர்டைம் பணம் இனிக்கும், அது தின்பது அந்த 300 மணியைத்தான். நுண்ணிய பாகம் பொருத்தும் வரிசையில் வரைவதற்கு வேண்டிய அதே விரல்களும் கண்ணும் களைத்துவிடும். பொதி கட்டும் பிரிவோ கிடங்கோ கிடைத்தால் உடம்பு வலித்தாலும் விரல் மிஞ்சும்.

பட்டறைக்கு மாறும் எண்ணம் இருந்தால், வீட்டுக்கு நீங்கள் கொடுக்கும் தொகையைப்போல் ஆறு மடங்கு சேர்த்துவைத்துவிட்டு மாறுங்கள். மாதம் 8,000 கொடுப்பவர் 48,000 கையில் வைத்திருக்க வேண்டும். மாறுவதை மழை நின்ற தை மாதத்தில் வையுங்கள். ஐப்பசியில் மாறினால் முதல் மூன்று மாதமும் ஈரத் துணியையும் குறைந்த கூலியையும் பார்த்து மனம் உடைந்துவிடும்.

யார் எதை எடுக்கலாம்

கோடு ஓடும், நூறு பூவிலும் சலிக்கவில்லை, வீடு ஓராண்டு தாங்கும் என்றால்: கலம் கொடுக்கும் பட்டறை கிடைத்தால் பட்டறை, கிடைக்காவிட்டால் திருப்பதியின் இரண்டாண்டு கலம்காரிப் படிப்பு. இன்டர் முடித்தவர் கூடவே இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பி.ஏ. போட்டுவைக்கலாம். குறைந்தது மூன்று ஆண்டில் முடிக்கலாம், ஆறு ஆண்டு வரை இழுக்கலாம். பட்டறைக்காரருக்கு அதில் குறை இருக்காது. அளவும் உருவமும் வந்த பிள்ளைக்குச் சிற்பக் கல்லூரி, வயது ஏறுவதற்குள். வீடு இப்போதே சம்பளம் கேட்கிறது என்றால் ஸ்ரீசிட்டி, மாத ஞாயிறு திருத்தத்தோடு. ஐந்தில் எதுவும் தெளிவாக மேலே வரவில்லை என்றால் இந்த ஆண்டு எந்தக் கலை வழியும் வேண்டாம். வேறு படிப்பில் சேர்ந்துவிட்டு அடுத்த கோடையில் மறுபடி பாருங்கள். பதினாறு வயதில் தெரியாதது இருபதில் தெரிவது உண்டு.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. பட்டறைகளில் வண்ணம் நிரப்பும் பாயில் பெண்களே அதிகம். வீட்டுக்கு எடுத்துப்போய்ச் செய்யலாம், கல்யாணத்துக்குப் பிறகும் தொடரலாம் என்று அந்த வேலையைப் பெற்றோர் விரும்புகிறார்கள். கோடு வந்த பெண்ணின் கோடு பெரும்பாலும் அங்கேதான் முடங்குகிறது. கசிமிப் பானையும் கலமும் வீட்டுத் திண்ணையில் வைத்துக்கொள்ளக்கூடியவைதான். ஓடும் நீரும் பெரிய கொப்பரையும் வேண்டிய அலசலையும் கொதிக்கவைப்பதையும் பட்டறைக்குக் கூலி கொடுத்துச் செய்துகொள்ளலாம். அதனால் மகளைச் சேர்க்கும் நாளில் "வீட்டுக்கு வேலை கொடுப்பீர்களா" என்று கேட்கும் அப்பா, "கரி போட்ட துணியைக் கொடுப்பீர்களா, கோடு முடிந்த துணியையா" என்றும் கேட்க வேண்டும். கரி போட்ட துணி வந்தால் அவள் வரைவாள்.

எந்த வழியில் போனாலும் முதல் வாரத்தில் செய்த ஒரு துணியையோ தாளையோ தேதி எழுதி எடுத்துவையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே உருவத்தை மறுபடி வரைந்து பக்கத்தில் விரியுங்கள். கோடு மாறவே இல்லை என்றால், அந்த ஆறு மாதத்தில் கை எத்தனை மணி தன் வேலையைச் செய்தது என்று எண்ணிப் பாருங்கள். வாரத்துக்கு ஆறு மணிக்குக் கீழே என்றால் பட்டறையையோ ஷிப்டையோ மாற்றுங்கள். ஆறுக்கு மேல் இருந்தும் மாறவில்லை என்றால் திருத்தும் ஆளை மாற்றுங்கள்.